திரும்பிப் பார்க்காத கலைமான்

அந்த மேஜர் கவனிக்கவில்லையா, அல்லது கவனித்தும் சொல்லாமல் இருந்துவிட்டாரா? ஏறக்குறைய நாலு வருடமாக இந்தக் கேள்வி என்னைச் சுற்றி வருகிறது. மகளுக்குக் கஞ்சி ஆற்றும்போது வரும். தாகேதா பாலத்தில் பஸ் நகராமல் நின்றால் வரும். போன வாரம் கைபேசியிலேயே வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தப் பகுதியில் வேலை அனுபவத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். எனக்கு வயது முப்பத்து நாலு. ஒன்பது வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்துவிட்டு, மகள் பிறக்கும் சமயத்தில் நின்றுகொண்டேன். இதை ஓய்வு என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. மூன்றரை வயதுக் குழந்தை வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் என் சம்பள வேலை முடிந்துவிட்டது. சொல்ல வேண்டியது மட்டும் மிச்சம் இருக்கிறது.

ரங்கூன் லான்மடாவில் காதர் பாயின் கடை. கீழே பித்தான், ரிப்பன், லேஸ் வியாபாரம். மேலே இரண்டாவது மாடியில் எங்கள் தையல் பட்டறை. நான்கு மரச்சட்டங்கள், எட்டுப் பெண்கள். பட்டுத் துணியில் தங்க ஜரிகை வேலை. கல்யாண உடுப்பு வரும், பள்ளிக்கூடச் சின்னங்கள் வரும். வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை ஸ்காட்லாந்துக் கொடி வரும்.

ரங்கூனில் உட்கார்ந்து ஸ்காட்லாந்துப் பட்டாளத்துக்குக் கொடி தைக்கிறோம் என்றபோது என் அப்பாவே நம்பவில்லை. அப்பா போட்டாதாங்கில் கப்பல் ஆபீஸ் கிளார்க். "பட்டாளம் இங்கிருந்து போயி எத்தனை காலம் ஆச்சு? இன்னுமா நம்மகிட்ட தைக்கிறான்?" என்றார்.

அது கம்பத்தில் பறக்கும் கொடி அல்ல. பேக்பைப் வாசிக்கிறவரின் இடது தோளுக்கு மேல் மூன்று குழல்கள் நிமிர்ந்து நிற்கும் அல்லவா? அதில் மிக நீளமான குழலில் கட்டித் தொங்கவிடுகிற சிறிய கொடி. இரண்டு முழம்கூட இருக்காது. ஒரு பக்கம் படைப்பிரிவின் சின்னம். மறுபக்கம், அந்தப் பிரிவில் நூறு பேர் கொண்ட ஒரு கம்பெனிக்குத் தலைவராக இருக்கும் அதிகாரியின் குலச்சின்னம். அது அந்த அதிகாரியின் சொந்தக் கொடி. அவர் பதவி விட்டுப் போகும்போது கொடியும் அவருடன் வீட்டுக்குப் போய்விடும். அடுத்து வருகிறவர் தன் குலச்சின்னத்தோடு புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். அதனால் ஒன்றைப் போல இன்னொன்று வராது. நாங்கள் தைத்த ஒவ்வொன்றும் ஒரே ஒரு மனிதருக்கானது.

இங்கிலாந்தில் ஒரு சீருடைக் கடை எங்களுக்கு வேலை அனுப்பும். அந்த ஆங்கிலக் கடிதங்களைப் படிக்க ஆள் வேண்டும் என்றுதான் மிஷன் பள்ளியில் படித்த என்னைச் சேர்த்தார்கள். முதல் ஆறு மாதம் பழகுவதற்காக ஊசியால் குத்திய தாளெல்லாம் சரிவராமல் கிழித்துப் போட்டேன். ஏழாவது மாதம் தாள் மேசை என் பொறுப்பு ஆனது.

தாள் மேசை என்றால் இதுதான். வரும் படத்தைப் பட்டர் பேப்பரில் வரைய வேண்டும். கோடு முழுவதும் மெல்லிய ஊசியால் நெருக்கமாகக் குத்த வேண்டும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டின் மேல் அந்தத் தாளை வைத்து, சின்னத் துணி மூட்டையில் கட்டிய சுண்ணப்பொடியைத் தேய்க்க வேண்டும். தாளை எடுத்தால் பட்டின் மேல் படம் புள்ளி புள்ளியாக நிற்கும். மூச்சு பலமாக விட்டால் கலைந்துவிடும். அதற்குள் வெள்ளைச் சாயத்தைத் தொட்டுப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். இதில் ஒரு ஆபத்து. குத்திய தாளுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. கவிழ்த்து வைத்துவிட்டால் சிங்கம் எதிர்ப்பக்கம் பார்க்கும். அதனால் குழலில் கட்டும் பக்கத்து மேல் மூலையில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைப்போம். என் கைப்பையில் எப்போதும் அந்தப் பாட்டில் இருக்கும். நகத்துக்கு நான் பூசிக்கொண்டதே இல்லை.

மேற்பார்வை டோ மியா. பர்மிய அம்மா. தமிழ் பேசமாட்டார், எங்களோடு எல்லாப் பேச்சும் பர்மியில்தான்; ஆனால் நாங்கள் அவரைப் பற்றித் தமிழில் பேசினால் மட்டும் புரியும். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து, கழுத்துக் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. முடிந்த கொடியை அவர் சோதிக்கும் விதத்தை இன்றும் நினைத்துப் பார்ப்பேன். அறையின் கோடியில் ஒரு மூங்கிலில் கொடியைக் கட்டச் சொல்வார். அதைப் பார்க்கவே மாட்டார். முதுகைக் காட்டியபடி பத்து அடி நடந்து மாடிப்படி வரை போவார். அங்கே கண்ணாடியைத் துடைப்பார். பிறகு சட்டென்று திரும்புவார். "பாத்துக்கிட்டே நின்னா கண்ணு தப்போட பழகிடும்" என்பார். சரியாக இருந்தால் ஊதா மையில் சீட்டில் கையெழுத்து. அவர் கையெழுத்துப் போட்ட எந்தக் கொடியும் குறை என்று திரும்பி வந்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு; எங்களுக்கும் உண்டு.

அவர் வைத்திருந்த விதி ஒன்றுதான். கேட்க வேண்டியிருந்தால் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். ஊசி கையில் இருந்தால், வாய் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கை தைத்துவிடும்.

நான் கேட்காத நாளே கிடையாது.

"டோ மியா, இந்தச் சிவப்பு மாதுளம்பூச் சிவப்புத்தானே?"

"நேத்து என்ன சொன்னேன்?"

"மாதுளம்பூன்னு."

"ராத்திரியோட ராத்திரியா அந்த ஆபீஸர் வேற குடும்பத்துல பொறந்துட்டாரா?"

சட்டத்தில் இருக்கும் எட்டுப் பேரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மறுநாள் நீலத்தைப் பற்றிக் கேட்பேன்.

காதர் பாயைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒருமுறை காட்டுப் பன்றித் தலை போட்ட குலச்சின்னம் வந்தது. தயங்கித் தயங்கிக் கீழே போய்க் காட்டினேன். பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எனக்குக் கண்ணு தெரியலம்மா. யாரோ மூக்கு நீண்ட பெரியவரு போல இருக்கு. நல்லபடியா தச்சு அனுப்புங்க."

அதற்குப் பிறகு பட்டறையில் அந்த விலங்குக்கு அதுதான் பெயர். "மூக்கு நீண்ட பெரியவருக்குப் பல் வெள்ளி ஜரிகையா?" என்று டோ மியா முகம் மாறாமல் கேட்பார்.

இனி அந்தக் கலைமானுக்கு வருகிறேன்.

கொடியில் எந்த மிருகமும் குழலைப் பார்க்க வேண்டும் என்பது நாங்கள் மனப்பாடமாக வைத்திருந்த பாடம். வாசிக்கிறவர் முன்னே நடப்பார், கொடி அவர் தோளுக்குப் பின்னால் தொங்கும். மிருகம் குழலைப் பார்த்தால் அவரோடு சேர்ந்து முன்னேறுகிறது. வேறு பக்கம் பார்த்தால் ஓடிப்போகிறது. கலைமானுக்கு முந்தின மாதம்தான் அந்தச் சீருடைக் கடையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு சிங்கத்தைத் தப்பாகத் திருப்பி வரைந்து அனுப்பியிருந்தார். டோ மியா கண்டுபிடித்தார். "ஓடிப்போற சிங்கத்தை எந்த ஆபீஸர் தூக்கிட்டு நடப்பான்?" என்றார். நாங்கள் எழுதிக் கேட்டோம். மன்னிப்பும் நன்றியும் சேர்த்துப் பதில் வந்தது.

கலைமான் வந்தது நல்ல மழைக் காலம். தாளெல்லாம் நமுத்துக் கிடந்தது. ஒரு மேஜரின் குலச்சின்னம். பன்னிரண்டு கிளைக் கொம்போடு மான் குழலை நோக்கி நடக்கிறது; ஆனால் கழுத்தை முழுக்க வளைத்து, முதுகுக்கு மேலாகப் பின்னால் பார்க்கிறது. எனக்கு உடனே அந்தப் புது ஆள் நினைவுதான் வந்தது. மறுபடியும் தப்பு செய்திருக்கிறார்.

கேட்டிருக்க வேண்டும். ஆனால் முந்தின நாள் ஒரே நீலத்தைப் பற்றி மூன்று முறை கேட்டிருந்தேன். மூன்றாவது முறை டோ மியா கேலி செய்யவில்லை. பர்மிய வழக்கப்படி என் பெயருக்கு முன்னால் 'மா' சேர்த்து, களைப்பாகச் சொன்னார்: "மா ரூபி, ஒரு நாளாவது நீயே முடிவு பண்ணு. உனக்கு மூளை இருக்கு." அவர் அன்பாகத்தான் சொன்னார். அது எனக்குக் கேலியைவிட உறைத்தது.

முடிவு பண்ணினேன். மானின் தலையை முன்னால் திருப்பி வரைந்தேன். கழுத்து நிமிர்ந்ததும் கொம்புகளுக்கு இடம் பத்தவில்லை. சின்னத்தைச் சுற்றியிருந்த கேடயத்தின் விளிம்பு வரை அவற்றைச் சாய்த்து, கிளைகளின் கணக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன். ஒரு பகல் முழுவதும் அதற்கே போனது. வழக்கம்போலப் படம் எடுத்துச் சீருடைக் கடைக்கு அனுப்பினோம். "தொடங்கலாம்" என்று பதில் வந்தது. தலையைத் திருப்பியிருக்கிறேன் என்று கடிதத்தில் தனியாக எழுதவில்லை. படத்தைப் பார்த்தாலே தெரியும் என்று நினைத்தேன். டோ மியாவிடமும் சொல்லவில்லை. முடிந்த கொடியைக் குத்திய தாளோடு ஒப்பிடுவது அவர் வேலை. குத்திய தாளை வந்த படத்தோடு ஒப்பிடுவது என் வேலை. அப்படித்தான் பிரித்திருந்தோம்.

ஐந்து வாரம் தைத்தார்கள். ஸ்பிரிங் போலச் சுருண்ட ஜரிகையைச் சேமியா போலத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றாக ஊசியில் கோத்து, மானின் விலாவைப் புடைக்க வைத்தார்கள். கண்ணுக்குக் கறுப்புப் பட்டில் ஒரே ஒரு முடிச்சு. மூங்கிலில் கட்டினோம். டோ மியா நடந்தார், கண்ணாடியைத் துடைத்தார், திரும்பினார்.

"மான் நடக்குது" என்றார்.

ஒன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட பெரிய பாராட்டு அது. கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "பாத்தியா? கேக்காமலே வந்துடுச்சு" என்றார். அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வரை எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன். அப்போது மகள் வயிற்றில் நாலு மாதம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புகைப்படமும் கடிதமும் வந்தன. மைதானத்தில் வாசித்துக்கொண்டு போகிறவரின் தோளில் எங்கள் கலைமான். வேலை மிக நேர்த்தி என்று மேஜர் எழுதியிருந்தார். படுக்கையில் இருக்கும் தன் தந்தையிடம் கொண்டுபோய்க் காட்டியதாகவும், அவர் வெகுநேரம் எதுவும் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் எழுதியிருந்தார். காதர் பாய் அந்தப் புகைப்படத்தைக் கண்ணாடி போட்டு மாடிப்படி முகப்பில் மாட்டினார். டோ மியா அன்று எல்லோருக்கும் அத்தோ நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

நான் நிற்பதற்குப் பத்து நாள் இருக்கும்போது கோப்புகளை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். கலைமான் கோப்பில் முதல் தாள் வழக்கத்தைவிடத் தடியாக இருந்தது. மழையில் நமுத்து இன்னொரு தாள் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. கெட்டில் ஆவியில் காட்டி, அடிக்கோலால் மெதுவாகப் பிரித்தேன். அது மேஜரின் தந்தை கையால் எழுதிய குறிப்பின் நகல்.

எங்கள் குடும்பத்து மான் பின்னால் பார்க்கும், தயவுசெய்து அதைத் திருத்திவிடாதீர்கள் என்று எழுதியிருந்தது. எங்கள் முன்னோர் ஒருவர், எல்லோரும் முன்னேறிப் போய்க்கொண்டிருந்தபோது, விழுந்து கிடந்த தம்பிக்காகத் திரும்பிப் போனார். அதனால் கால் முன்னே போகும், கண் பின்னே பார்க்கும். தைக்கிறவர்கள் வழக்கமாகத் தப்பு என்று நினைத்துவிடுவார்கள், ஆகையால் எழுதுகிறேன் என்று அந்தக் குறிப்பு முடிந்தது.

அந்தக் கடைசி வரியை எத்தனை முறை படித்தேன் என்று நினைவில்லை. வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மேஜர் எழுதியதும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. அதைப் பாராட்டு என்றுதானே எல்லோரும் எடுத்துக்கொண்டோம்?

டோ மியா அப்போது எனக்கு வழியனுப்பு விருந்துக்கு யார் என்ன சமைப்பது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். "மா ரூபி, கர்ப்பிணி நின்னுட்டே இருக்காதே, உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். சொல்லவில்லை. அந்தக் குறிப்பைக் கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கட்டினேன். யாராவது திறந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும். அது நான் செய்த பாதி நேர்மையா, முழுக் கோழைத்தனமா?

பிறகு மகள் பிறந்தாள். காய்ச்சல், தடுப்பூசி, பால் போதுமா போதாதா என்று எனக்குப் புதுக் கேள்விகள் வந்தன. இந்த வருடம் அவளைத் தாகேதாவிலேயே ஒரு பாலர் பள்ளியில் விட்டேன். காலையில் கேட்டுக்குள் போகும்போது மூன்று முறை திரும்பிப் பார்ப்பாள். கால் வகுப்பை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும், கண் மட்டும் என்மேல். அந்தக் கழுத்தின் வளைவை நான் ஒருமுறை பட்டர் பேப்பரில் நிமிர்த்தியிருக்கிறேன் என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

போன வாரம் ஷாகிராவிடமிருந்து இரண்டு படங்கள் வந்தன. என் மேசையில் இப்போது வேலை பார்க்கிறவள். காதர் பாயின் அண்ணன் மகள், கெட்டிக்காரி. ஒரு படத்தில் கொடி. மறு படத்தில் அந்தக் குறிப்பு. நானே அழைத்தேன்.

"அக்கா, கலைமான் கொடி திரும்பி வந்திருக்கு."

"குறையா?"

"அதெல்லாம் இல்ல. மேஜர் பதவி முடிஞ்சு வீட்டுக்குக் கொண்டு போயிட்டாராம். மழையில நனைஞ்சு நனைஞ்சு ஓரத்துக் குஞ்சம் இத்துப்போச்சு. புதுக் குஞ்சம் வெச்சு அனுப்பச் சொல்லியிருக்காரு. அவரோட அத்தா இருந்த அறையில மாட்டப் போறாராம். அத்தா மவுத்தாயிட்டாரு போல."

குறிப்பை எழுதிய அந்தத் தந்தை இறந்துவிட்டார்.

"குஞ்சத்தோட நிறம் பாக்கக் கோப்பைத் தொறந்தேன். அக்கா, தலை மாறியிருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"நான் நிக்கறதுக்குப் பத்து நாள் முன்னாடிலேருந்து."

என் மகள் முந்தானையை இழுத்து, யார் யார் என்று பர்மியில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டோ மியாகிட்ட சொல்லட்டுமா அக்கா? நீங்க சொல்றீங்களா? இல்ல, ஒண்ணும் சொல்லாம குஞ்சத்தை மட்டும் தச்சு அனுப்பிடவா? அடுத்த மாசம் பார்சல் போகணும்."

மேஜரின் கடிதத்தைப் படிக்கச் சொன்னேன். படித்தாள். குஞ்சத்தை மட்டும் மாற்றுங்கள், மற்றதெல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று இருந்தது. அதைத்தான் ஆறு நாளாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். தெரிந்து மன்னித்துவிட்டவரும் இப்படி எழுதலாம். ஒன்றும் தெரியாமல் அந்தக் கொடியை நேசிக்கிறவரும் இப்படித்தான் எழுதுவார்.

தலையைப் பிரித்து மறுபடி தைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஜரிகை ஊசி போன இடத்தில் பட்டு மூடிக்கொள்வதில்லை. புதுத் தலை பின்னால் பார்க்கும். பழைய தலை இருந்த வெற்றுப் பட்டில் நூற்றுக்கணக்கான ஓட்டைகள் தெரியும். அந்தப் பக்கத்தையே புதிதாகத் தைத்தால்தான் உண்டு. அப்படிச் செய்தால், ராணுவ மைதானத்தில் அவரோடு நடந்த மான் அது அல்ல.

என் கணவர், "நாலு வருஷம் ஆச்சு. அவரே சந்தோஷமா இருக்காரு, நீ ஏன் கிளர்றே?" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. சொன்னால் அந்த மேஜர் தன் தந்தையின் மௌனத்தை இனி வேறு விதமாக நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். டோ மியா அடுத்த வருடம் வேலையிலிருந்து நிற்கப் போகிறார். மாடிப்படி முகப்பில் அந்தப் புகைப்படம் இன்னும் தொங்குகிறது. அவருடைய ஊதாக் கையெழுத்தில் இது ஒன்றே ஒன்று தப்பாக இருக்கும், அதுவும் என்னால், என்னை நம்பி முடிவு பண்ணச் சொன்னதால். சொல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இதுவரை நான் மட்டும் வைத்திருந்ததை இப்போது ஷாகிராவும் வைத்திருக்கிறாள். அந்த மேசையில் உட்கார்ந்து அவள் என்னிடமிருந்து எதைத் தெரிந்துகொள்ளப் போகிறாள்?

அவளுக்கு எழுதும் பதிலை நாலு முறை தட்டி அழித்துவிட்டேன். ஒன்றில் "சொல்லிடு" என்று இருந்தது. ஒன்றில் "நானே வர்றேன்" என்று இருந்தது.

இதைப் படிக்கிறவர்களில் முப்பது நாற்பது வருடம் வேலை பார்த்தவர்கள் இருப்பீர்கள். உங்கள் கையெழுத்தில் ஒரு தப்பு வெளியே போய், அதை யாரோ ஒருவர் அன்போடு வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் என்ன செய்தீர்கள்? யாரிடம் முதலில் சொன்னீர்கள்? சொன்ன பிறகு அவர்கள் முகம் எப்படி இருந்தது? எனக்கு எழுதுங்கள். சுருக்கமாக இருந்தாலும் போதும், கடுமையாக இருந்தாலும் பரவாயில்லை.

சீக்கிரம் எழுதினால் நல்லது. ஷாகிரா இன்னும் குஞ்சத்தைத் தைக்க ஆரம்பிக்கவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டிருக்கிறாள்.